ஊர்ப்பெயரில் உறையும் வரலாறு

பூந்தமல்லியைக் கடந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்பூதூர், சுங்குவார்சத்திரம் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் மற்றொரு சாலையில் மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் முதலியவை உள்ளன. இப்பெயர்களைக் கேட்டவுடன் இன்று நம் நினைவுக்கு வருபவை மோட்டார் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளுமே. நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே இரவென்றும் பகலென்றும் பாராமல் ஷிப்டு முறையில் உழைக்கின்றனர். நாள்தோறும் அவர்கள் நாவில் வழங்கும் இப்பெயர்களுக்குப் பொருள் யாது? இத்திங்கள் அதனைச் சிறிது ஆராய்வோம்.

எளிதில் விளங்குவனவற்றை முதலில் காண்போம். 'இரும்' என்னும் அடைமொழிக்குப் பெரிய, கரிய என்பன பொருள். எனவே இருங்காடு என்பது பெருங்காடு. 1998-ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகி வரும் அவ்விடத்தில் அந்தக் காட்டைப் பெயரில் மட்டுமே காணலாம். 'படப்பை' சங்கத் தமிழ்ச் சொல். மனையை அடுத்த தோட்டத்தை அது குறித்தது. 'தண்டலை' என்றால் சோலை; தண்டலம் என்னும் பெயர் அதிலிருந்து வந்தது என்பர். சத்திரம் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி அதே நெடுஞ்சாலையில் காஞ்சிக்கு அப்பாலும் சென்றால் பாலுசெட்டிசத்திரமும் வருகிறது. பேருந்தும் காரும் இல்லாத காலத்தில், நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்றவர்கள் எங்கெங்கே தங்கினார்கள் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

எல்லாப் பெயர்களும் இவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. பெரும்பூதூரையே எடுத்துக்கொள்வோம். இராமானுசர் பிறந்த தலம் அது. சிவபெருமானின் பூதகணங்கள் சாபம் நீங்குவதற்காக இங்கு வந்து திருமாலை வழிபட்டன. அதனால் இது பூதபுரி ஆயிற்று என்பது தலபுராணம். ஆனால் இதே ஊரைப் 'பெரும்புதூர்' என்று குறில் உகரத்தோடு எழுதுவாரும் உளர். அவ்வாறு கொண்டால் பொருள் பெரிய புதிய ஊர் என்றாகிவிடும். புதூர், புத்தூர் என்ற பெயர்கள் தமிழகமெங்கும் உண்டு. ஒரே ஓர் எழுத்து நெடிலா குறிலா என்பதில் ஓர் ஊரின் கதையே மாறிவிடுகிறது! ஒரகடமும் இத்தகையதே. பழந்தமிழில் 'கடம்' என்பதற்குக் காடு என்றும் பொருள் உண்டு, வழி என்றும் பொருள் உண்டு. அம்பத்தூருக்கு அருகிலும் ஓர் ஒரகடம் இருக்கிறது. இன்றைய ஒலியை மட்டும் கேட்டுப் பொருள் சொல்லப் புகுந்தால் அது வெறும் ஊகமாகவே முடியும்.

பெயர்கள் மொழி மாறுவதும் உண்டு. முதுகுன்றம் என்னும் தமிழ்ப்பெயரே வடமொழியில் விருத்தாசலம் ஆயிற்று. 'மரை' என்பது மான் இனங்களுள் ஒன்று. மரைக்காடு மறைக்காடாகித் திரிந்து, மறை என்பதற்கு வேதம் என்று பொருள் கொள்ளப்பட்டு, வேதாரணியம் ஆயிற்று என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அங்கு மான் மறைந்து வேதம் புகுந்தது!

இச்சிக்கலை நன்கு அறிந்த மற்றொரு நாடு அயர்லாந்து. அங்கு ஊருக்குள் அடங்கிய சிறு நிலப்பிரிவுகள் மட்டும் 60,000-க்கு மேல் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. 1824-இல் ஆங்கில அரசு அந்நாட்டை அளக்கத் தொடங்கியபோது, ஐரிஷ் மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியதாயிற்று. அப்பணியில் அமர்த்தப்பட்ட ஜான் ஓ'டோனவன் என்னும் அறிஞர் மாவட்டம் மாவட்டமாகச் சென்று, அவ்வூர் முதியோர் பெயரை எப்படி உச்சரிக்கின்றனர் என்று கேட்டார். பழஞ்சுவடிகளில் அது எப்படி எழுதப்பட்டுள்ளது என்றும் ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னர் பி. டபிள்யூ. ஜாய்ஸ் என்பவர் 1869-இல் ஐரிஷ் ஊர்ப்பெயர்களைப் பற்றிய தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். புனித பிரிஜித்தம்மாளின் மடம் இருந்த கில்டேர் என்ற ஊரின் பெயருக்கு 'ஓக் மரத்துக் கோயில்' என்பது பொருள். ஆனால் 'கில்' என்று தொடங்கும் ஊரெல்லாம் கோயிலூர் ஆகிவிடாது. காட்டைக் குறிக்கும் வேறோர் ஐரிஷ் சொல்லும் ஆங்கில எழுத்தில் 'கில்' என்றே வரும். ஆகவே கில்மோர் என்ற பெயர் ஓரிடத்தில் பெருங்கோயில், மற்றோரிடத்தில் பெருங்காடு. முதியோர் நாவும் பழைய ஏடும் சேர்ந்துதான் இதற்குத் தீர்ப்பு அளிக்க முடியும்.

நமக்கோ ஏட்டினும் உறுதியான சான்று கல்லிலும் செம்பிலும் கிடைத்துள்ளது. படப்பைக்கு அருகிலுள்ள மணிமங்கலத்தைப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு கூறுகிறது. பல்லவர் போயினர், சோழர் போயினர், ஆங்கிலேயரும் போயினர்; மணிமங்கலம் என்ற பெயர் மட்டும் போகவில்லை. 1890 முதல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும், இரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946-இல் வெளியிட்ட 'ஊரும் பேரும்' என்னும் நூலும் இத்துறையில் நமக்கு வாய்த்த செல்வங்கள்.

ஊர்ப்பெயர் மக்களின் உணர்வோடு கலந்தது என்பதை 2020-ஆம் ஆண்டிலும் கண்டோம். 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு வெளியான அரசாணை, அதன் எழுத்துக்கூட்டைப் பற்றி எழுந்த மறுப்புகளால் அதே ஜூன் மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது.

பெரிய ஊர்களின் பெயர்களுக்குக் காவலர் பலர் உண்டு. ஊருக்குள் இருக்கும் சிறு பெயர்களுக்கு யார் காவல்? தாங்கல், கலங்கல், கால்வாய், கழனி, மேடு, பள்ளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உழவர் ஒரு பெயர் வைத்திருந்தனர். நிலம் கைமாறியதும் பத்திரத்தில் புல எண் நிற்கிறது, பெயர் உதிர்ந்துவிடுகிறது. புதிதாக வந்தவர்க்கு அது இன்ன கம்பெனியின் இத்தனையாவது கேட் என்றுதான் தெரியும். இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். தாங்கல் என்றால் நீர் தேங்கும் சிறு ஏரி. கலங்கல் என்றால் ஏரி நிரம்பியபின் மிகுநீர் வழிந்தோடும் இடம். ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுநீர் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பரில் அவ்வாறு பெருகி வந்த வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. அவ்வழியை நமக்குச் சொல்லக்கூடிய பெயரை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மூத்தவர் எவரேனும் இருப்பின், அவரோடு ஒரு மாலைப்பொழுது அமருங்கள். ஏரி, மதகு, வாய்க்கால், வயல் ஆகியவற்றின் பெயர்களை அவர் சொல்லும் ஒலிப்பு மாறாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். சொன்னவர் யார், எந்தப் புல எண்ணைச் சேர்ந்தது என்பவற்றையும் குறியுங்கள். பழைய பத்திரங்களோடும், கிடைக்குமாயின் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் காணும் ஊர்ப்பெயர்களோடும் ஒப்பிடுங்கள். பொருள் விளங்காத பெயரைத் திருத்த வேண்டாம்; அதற்கு நாமாக ஒரு கதை கட்டவும் வேண்டாம். உள்ளபடியே எழுதி வைப்போம். பொருள் காண்போர் பின்னர் வருவர்; சொல்லக்கூடிய முதியவர் பின்னர் இருக்கமாட்டார்.