'ஆமாங்க சாமி'யும் 'ஆமா, அப்புறம்'உம்

நகைச்சுவை என்றாலே எனக்கு ஒவ்வாது. என் நிறத்தையும் அப்பாவின் தொழிலையும் சொல்லிச் சிரித்த வகுப்பறை இன்னும் காதில் கேட்கிறது. நம் சினிமா காமெடியில் யார் அடி வாங்குவார், யாருடைய பேச்சை இழுத்துக் காட்டுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால், போன மே மாதம் எங்கள் கோடை முகாமில் 'இம்ப்ரோவ் காமெடி' நடத்த 2 நாள் கேட்டு ஒரு நாடகத் தோழர் வந்தபோது அரை மனதோடுதான் தலையசைத்தேன்.

4 காலனிகளிலிருந்து 35 பிள்ளைகள். இம்ப்ரோவில் எழுதிவைத்த வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. நின்ற இடத்தில், கூட நிற்பவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு காட்சியை உருவாக்க வேண்டும். பெரியவர்களும் ஆடியே ஆக வேண்டும் என்று அந்தத் தோழர் சொல்லிவிட்டார்.

முதலில் சீட்டு விளையாட்டு. ஆளுக்கொரு சீட்டை நெற்றியில் வைத்துப் பிடிக்க வேண்டும். நம் சீட்டு நமக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். சீட்டின் மதிப்புக்கு ஏற்றபடி நம்மை நடத்துவார்கள். நம் சீட்டு என்னவென்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்துக் குனிந்தார்கள், நாற்காலி இழுத்துப் போட்டார்கள். கிண்டல் செய்கிறார்கள் என்று முடிவுகட்டி, "மூணு" என்றேன். எடுத்துப் பார்த்தால் ராஜா! பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி அரை நிமிடத்தில் "ரெண்டு" என்று சரியாகச் சொன்னாள். எப்படிம்மா என்று கேட்டதற்கு, "கடையில சில்லறையைக் கையில குடுக்காம பலகையில வெப்பாங்கல்லக்கா, அது மாதிரியே பேசுனாங்க" என்றாள்.

மறுநாள் 'ஆமா, அப்புறம்'. எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் மறுக்கக் கூடாது. ஏற்றுக்கொண்டு மேலே ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டு பையன்கள் டீக்கடை போட்டார்கள்.

"அண்ணே, இந்த டம்ளர் உடைஞ்சிருக்கே."

"ஆமா, அப்புறம் அது உனக்குன்னே உடைச்சு வெச்சது."

"ஆமாண்ணே, அப்புறம் இந்தப் பால் எங்க வீட்டு மாட்டுப் பாலு."

கடைக்காரன் திணறினான். விதிப்படி மறுக்க முடியாது. "ஆமா... அப்புறம் காலையிலேருந்து நானே மூணு கிளாஸ் குடிச்சுட்டேனே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இரட்டைக் குவளை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன்; ஒருநாளும் சிரித்ததில்லை. இந்தச் சிரிப்பில் நாங்கள் அடி வாங்கவில்லை.

இதன் பூர்வீகத்தைப் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்ற பெண், சிகாகோவின் ஹல் ஹவுஸ் இல்லத்தில் நெவா பாய்டிடம் குழு விளையாட்டுகளைக் கற்றவர். 1930-களின் கடைசியில், அரசின் வேலைத் திட்டமொன்றின் கீழ் அந்நகரத்து ஏழை, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோதுதான் நாடக விளையாட்டுகளை வளர்த்தெடுத்தார். அவர் மகன் பால் சில்ஸ் நண்பர்களோடு சேர்ந்து 1959-இல் 'செகண்ட் சிட்டி' நகைச்சுவை அரங்கைத் தொடங்கினார். (இன்று ஐ.டி. கம்பெனிகள் 'டீம் பில்டிங்' என்று காசு கொடுத்து ஆடும் விளையாட்டுகளில் பல இந்த வழியில் வந்தவைதான்.) கீத் ஜான்ஸ்டோன் 1979-இல் வெளியிட்ட 'இம்ப்ரோ' நூலில், மேல் நிலை கீழ் நிலையை உடம்பு எப்படிக் காட்டுகிறது என்பதற்கே ஒரு முழு அத்தியாயம் உண்டு. பேசும்போது தலையை ஆடாமல் வைத்தால் ஆள் உயர்ந்தவராகத் தெரிவார் என்கிறார். எங்கள் பிள்ளைகள் செய்து பார்த்தார்கள். ஊரில் 'பரம்பரைக் களை' என்று சொல்வது பத்து நிமிடப் பயிற்சியில் வந்துவிட்டது.

மூத்த தோழர் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. "பாட்டன் காலத்துலேருந்து 'ஆமாங்க சாமி'ன்னுதானே சொல்லிட்டிருக்கோம்? பிள்ளைங்களுக்கு 'முடியாது'ன்னு சொல்லக் கத்துக்குடுங்க" என்றார். நியாயமான கோபம். ஆனால் பாட்டன் சொன்ன 'ஆமா'வோடு பேச்சு முடிந்துபோனது. 'அப்புறம்' சொல்லும் முறை அவருக்கு வரவே இல்லை. இந்த விளையாட்டில் கடைக்காரனும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். வெளியே எந்தக் கடைக்காரரும் கட்டுப்பட மாட்டார் என்பதும் உண்மைதான். அதற்குச் சட்டம் வேண்டும், மனு வேண்டும், 'முடியாது'வும் வேண்டும்.

சட்டத்தை நான்தான் நடத்துவேன். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஒன்றரை மணி நேர உரை. பிள்ளைகள் பிரிவு எண்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இந்த முறை உரை முடிந்ததும் அந்தச் சீட்டுப் பெண் எழுந்து, பக்கத்திலிருந்தவனை இன்ஸ்பெக்டராக நிறுத்தினாள். அவன் தலையை ஆட்டாமல், "புகார் எல்லாம் நாளைக்கு வா" என்றான்.

"ஆமாங்க சார், அப்புறம் வேணும்னே கடமையைச் செய்யாத அதிகாரிக்கும் நாலாவது பிரிவு இருக்குங்க சார். உக்காந்து எழுதவா, நின்னுக்கிட்டே எழுதவா?"

வரும் மே மாதம் என் உரைக்கு 20 நிமிடம் போதும் என்று சொல்லியிருக்கிறேன். மிச்ச நேரம் அவர்களுக்கு.