கம்பனிக்குக் குத்தகை, தொழிலாளிக்கு லயமா?

"ஐயா, நுவரெலியாப் பக்கம் மலிவாகப் பத்துப் பேர்ச்சஸ் காணி கிடைக்குமா?"

உடப்புசல்லாவைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, கொழும்பில் கடையொன்றில் உழைக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். விடுதி கட்டும் முதலாளிகள் விலையேற்றிய சந்தையில் அவருக்கு எங்கே இடம்?

அவர் பிறந்த லயத்தைச் சுற்றிலும் அரச காணியே பரந்து கிடக்கிறது. அங்கே காடழித்துத் தேயிலை நட்டவர்கள் அவருடைய முன்னோர். 1948 இல் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது அரசு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்களைத் தனதாக்கியது. 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்து, நீண்டகாலக் குத்தகையும் எழுதிக் கொடுத்தது. கம்பனிக்கு எழுதிய பேனாவில் தொழிலாளிக்கு எழுத மட்டும் மையில்லையா?

ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் என்று வீட்டுத் திட்டங்கள் வந்தன. காணி உறுதி கையில் இல்லாதவனுக்கு அந்த வீட்டை ஈடுவைத்து ஒரு சதம் கடன் பெறவும் வழியில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைகளையே சரித்துக் காட்டியது. இனியும் சரிவான மூலையை அளந்து கொடுத்து ஏமாற்றாதீர்கள். மண் சரியாத இடத்தில் காணியையும், தொழிலாளியின் பெயரில் உறுதியையும் கொடுங்கள். இருநூறு ஆண்டு உழைப்பின் கூலிப் பாக்கி அது.