அந்தச் சட்டத்துக்கு முருகேசன் பெயர்தான் வேண்டும்

பழவேற்காட்டுக் குப்பங்களில் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. தலித், பழங்குடி மக்கள் பயமில்லாமல் ஓட்டுப் போடவும், ஜெயித்த நாற்காலியில் உட்காரவும் தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவர வேண்டும், அதற்கு மேலவளவு முருகேசன் பெயரை வைக்க வேண்டும் என்பது கோரிக்கை. நம் தோழர்கள் சிலரே முகம் சுளிக்கிறார்கள். "சட்டம் வந்தால் போதாதா? பெயருக்கு எதற்குச் சண்டை?" இன்னும் சிலர், அம்பேத்கர் பெயரை வைத்தால் யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்கிறார்கள்.

யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்பதுதான் எங்களுக்கு இடிக்கிறது. அம்பேத்கர் பெயரை வைப்பதில் இன்று எந்த அரசுக்கும் நட்டமில்லை. முருகேசன் பெயரை வைத்தால் அவர் யார், எப்படிச் செத்தார், யார் கொன்றார்கள் என்று சட்டமன்றத்தில் சொல்லியாக வேண்டும்.

தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாக. மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து மேலவளவு ஊராட்சி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட முன்வந்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வாக்குப்பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன. போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரை விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும்போது, பேருந்தை மறித்து அவரையும் சேர்த்து 6 பேரை வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். காரணம், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு. கொலையாளிகளுக்குக் கதவைத் திறக்க ஒரு தலைவரின் பெயர் பயன்படும்போது, கொல்லப்பட்டவரின் பெயரை ஒரு சட்டத்துக்கு வைக்கக் கேட்பது தப்பா?

அதே 1997இல்தான் இன்னொன்றும் நடந்தது. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. தேவேந்திரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென் மாவட்டங்களில் கலவரம். முடிவில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரைத் தாங்க முடியாமல் எல்லாப் பெயரையும் துடைத்த மாநிலம் இது. பெயர் ஒன்றுமில்லாத விஷயம் என்றால் இவ்வளவு ஏன்?

அமெரிக்காவையும் பாருங்கள். 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நடந்தபோது ஜான் லூயிஸின் மண்டை உடைக்கப்பட்டது. அந்த ஆண்டே வாக்குரிமைச் சட்டம் வந்தது. 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. அதை மீட்க எழுதிய மசோதாவுக்கு, 2020இல் லூயிஸ் இறந்த பிறகு அவர் பெயரைச் சூட்டினார்கள். இரங்கல் சொல்ல எல்லாக் கட்சியும் வந்தது. 2021இல் கீழவையில் நிறைவேறிய மசோதா, மேலவையில் நின்றுபோனது. அந்தப் பாலம் இன்றும், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட பெட்டஸ் என்ற தளபதியின் பெயரில்தான் இருக்கிறது. பெயர் சூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இதுதான் எங்கள் பதில். ஆனால் லூயிஸ் பெயர் இருப்பதால், எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஒவ்வொரு முறையும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மிடம் சட்டம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தலித் அல்லது பழங்குடி ஊராட்சித் தலைவரை வேலை செய்ய விடாமல் தடுப்பது குற்றம். ஓட்டுப் போட விடாமல் மிரட்டுவதும் குற்றம். இது ஏதோ ஒரு உட்பிரிவின் ஓர் எழுத்தாக ஒளிந்து கிடக்கிறது. ஸ்டேஷனில் போய் அந்த எழுத்தைச் சொல்லி எஃப்.ஐ.ஆர். கேட்க எத்தனை தலைவர்களால் முடியும்? "முருகேசன் சட்டத்துல கேஸ் போடுங்க" என்று யாராலும் சொல்ல முடியும்.

மேலவளவு மதுரைப் பக்கம்தானே, பழவேற்காட்டுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: 2020 ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் நம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்துக்காரர். செய்தி வெளியான பிறகு சில நாள் கழித்து ஆட்சியரே அழைத்து ஏற்ற வைத்தார்.

ஏரிக்குள் வாருங்கள். திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. ஆனால் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறது ஊர்ப் பஞ்சாயத்து. தலைக்கட்டுக் கணக்கில் இல்லாதவர்களுக்குச் சீட்டு இல்லை. தலித்துகள் இல்லை, இருளர்கள் இல்லை, பெண்களுக்குப் பேச்சும் இல்லை. ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு எம்.பி. தேர்தலில் ஓட்டு உண்டு, அவள் நிற்கும் தண்ணீரில் கிடையாது. பாடு முறை ஏரியைக் காத்த நல்ல ஏற்பாடு என்று ஆராய்ச்சியாளர்கள் பாராட்டுவார்கள். சண்டை வராமல் மீனைப் பங்கிட்டது உண்மைதான். யாருக்குள் பங்கிட்டது என்று கேட்பதுதான் நம் வேலை.

ஆகவே மாணவர்களின் வரைவில் நாங்கள் கேட்கும் திருத்தம் பெரிது. இப்போதைய வரைவு வாக்குச்சாவடியோடு நின்றுவிடுகிறது. முருகேசன் ஓட்டில் தோற்கவில்லை, ஜெயித்த பிறகுதான் கொல்லப்பட்டார். பதவியேற்ற தலைவருக்கு அலுவலகச் சாவியும் பதிவேடுகளும் எத்தனை நாளில் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் எந்த அதிகாரி பொறுப்பு என்று எழுதுங்கள். ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் ஆட்சியர் ஒரு தலைவரை நீக்கலாம். தலித் தலைவர் மீது அதை எடுக்கும் முன் தனி விசாரணை வேண்டும் என்று எழுதுங்கள். ஏரி, குளம் போன்ற பொதுச் சொத்தைப் பங்கிடும் எந்த ஊர்க் கூட்டத்திலும் அங்கே பிழைக்கும் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்றும் எழுதுங்கள். இந்தக் கடைசி வரியால் குப்பத்துக்குள்ளேயே நம்மோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பேசுவோம்.

நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. மறுபடி தேர்தலுக்கு வேட்புமனு வாங்கும் நாளுக்கு முன்பே இந்த மனு கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து வாங்கும்போது இருளர் குடியிருப்புகளை விட்டுவிடாதீர்கள். போன சுற்றில் யாரும் அங்கே போகவில்லை.