பெயர் சொல்லப் பிள்ளை

ஜெர்மானியக் குடும்பப் பெயர்களுள் மிகப் பரவலானது 'முல்லர்'. மாவரைக்கும் ஆலைக்காரர் என்பது பொருள். ஆலை இல்லாத ஊர் அரிதாதலின், அப்பெயர் எங்கும் பல்கிற்று. 'ராட்சிங்கர்' என்பதோ அரிய பெயர். மதுரைக்காரர் என நாம் வழங்குவதுபோல, 'ராட்சிங்' ஊரார் என்பதே அதன் பொருள். பவேரியாவில் அப்பெயருடைய சிற்றூர் உண்டு. சிற்றூரின் பெயர் சிலருக்கே வாய்க்கும்.

2005-இல் கர்தினால் ஜோசப் ராட்சிங்கர் பாப்பரசரானபோது, உலகமே அப்பெயரை உச்சரித்தது. அவரோ 16-ஆம் பெனடிக்ட் என்னும் புதுப்பெயர் பூண்டார்.

காவல்துறையில் பணியாற்றிய அவர்தம் தந்தைக்கு மக்கள் மூவர். மூத்தவர் மரியா, மணம்புரியாமலே 1991-இல் மறைந்தார். ஜார்ஜ், ஜோசப் ஆகிய புதல்வர் இருவரும் 1951-இல் ஒரே நாளில் குருப்பட்டம் பெற்றனர். 2020-இல் ஜார்ஜும் 2022-இல் ஜோசப்பும் இறைவனில் இளைப்பாறினர். அம்மூவருக்கும் வழித்தோன்றல் இல்லை.

பெயர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்கிறோம். பேரப்பிள்ளை இல்லாத அவ்வீட்டின் பெயரை உலகமே சொல்கிறது! நம் பிள்ளை ஒருவர் இறைப்பணிக்குச் செல்ல விழையும்போது, 'குடும்பப் பெயர் என்னாவது?' எனத் தடுக்குமுன், இவ்வீட்டைச் சற்றே நினைவிற்கொள்வோம்.