நூலின் பருமனும் பின்னற் கணக்கும்

மார்கழித் திங்களில் பொன்முடிக்குச் சென்று வந்த அன்பர்களுக்கு அம்மலையின் குளிரைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு ஆகிய ஊர்களைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தை அடைகின்றோம். கீழே வியர்வையைத் துடைத்தவண்ணம் பேருந்தில் ஏறியவர் மேலே போர்வையைத் தேடுவார். அங்கே தோட்டமொன்றில் நம் மைத்துனர் பணிபுரிகின்றார். அவருக்குச் சென்ற ஆண்டு ஆண் மகவு பிறந்தது.

அத்தை முறைக்குச் சட்டை வேண்டுமல்லவா? திருநெல்வேலிச் சீமையில் பிறந்த நம் இல்லத்தரசி அதுவரை கம்பளி பின்னியதில்லை. அண்டை வீட்டு அம்மையாரிடம் பழகி, புத்தகம் ஒன்றை இரவல் பெற்று, ஒன்றரைத் திங்கள் இரவுகளில் கண் விழித்து முடித்தார். சட்டையை எடுத்துக்கொண்டு மலையேறினோம். குழந்தைக்கு அணிவித்தால், பொத்தான் துளையை எட்டவில்லை!

"பரவாயில்லை மதினி, தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்" என்றாள் குழந்தையின் தாய். அந்தச் சொல்லே நம் வீட்டம்மாளை வருத்தியது. "நமக்குக் கைராசி இல்லை" என்று கூறி, ஊசிகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

குறை கையில் இருந்ததா, நூலில் இருந்ததா? அதனை ஆராய்ந்து அறிந்ததையே இத்திங்கள் எழுதுகின்றோம்.

புத்தகம் கேட்டது '4 பிளை' நூல். கடையில் வாங்கியதும் '4 பிளை' நூலே. ஆனால் பிளை என்பது எத்தனை இழைகளை ஒன்றாக முறுக்கியிருக்கின்றனர் என்பதையே குறிக்கும். மெல்லிய இழைகள் நான்கைச் சேர்த்தாலும் நாலு பிளை. தடித்த இழைகள் நான்கைச் சேர்த்தாலும் நாலு பிளை. வணிகத்தில் அச்சொல் ஒரு பருமனுக்கும் பெயராக வழங்குவதால் மயக்கம் உண்டாகின்றது.

அங்ஙனமாயின் பருமனை அளப்பது எவ்வாறு? தண்டவாளத்தை எண்ணிப் பாருங்கள். 60 கிலோ தண்டவாளம் என்றால், ஒரு மீட்டர் நீளம் ஏறக்குறைய 60 கிலோ எடை என்பது பொருள். நூலுக்கும் இத்தகைய அளவு உண்டு. 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெக்ஸ். 9,000 மீட்டர் எத்தனை கிராம் என்பது டெனியர். இவற்றில் எண் கூடினால் நூல் தடிக்கும்.

பருத்தி நூலின் கணக்கோ தலைகீழானது. பாலராமபுரத்தில் நெசவாளர் ஒருவர் நமக்கு விளக்கினார். அங்குள்ள சாலியர் குலத்தார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப்பகுதியிலிருந்து அழைத்து வரப்பெற்றவர்களின் வழியினர். நம்மைப் போலப் பெயர்ந்து வந்தவர்களே. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டம் நின்றால் அது 40-ஆம் நம்பர் நூல். 100 நின்றால் 100-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

வீட்டில் தராசு வேண்டுவதில்லை. ஓர் அளவுகோல் போதும். நூலை இழுத்து இறுக்காமலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பக்கம் பக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்திற்கு எத்தனை சுற்று என எண்ணுங்கள். நாலு பிளைப் பருமனுக்கு ஏறக்குறைய 14, டபுள் நிட்டிங் என்னும் தடித்த நூலுக்கு ஏறக்குறைய 11 சுற்றுகள் வரும். நாம் வாங்கிய நூலைச் சுற்றினோம், 17 வந்தது! பெயரளவில் நாலு பிளை. பருமனில் அதைவிட மெல்லியது.

இனிக் கணக்கைப் பாருங்கள். சட்டையின் மார்புச் சுற்று 20 அங்குலம். அங்குலத்திற்கு 7 கண்ணி என்று கொண்டு 140 கண்ணிகள் போடுமாறு புத்தகம் கூறியது. நம் மெல்லிய நூலில் அங்குலத்திற்கு 8 கண்ணி விழுந்திருக்கின்றது. 140-ஐ 8-ஆல் வகுத்தால் பதினேழரை அங்குலம். இரண்டரை அங்குலம் எங்கே போயிற்று என்பது விளங்கிற்று. நம் நூலுக்கு 160 கண்ணிகள் வேண்டும்.

எனவே சகோதரிகளுக்கு நாம் கூறுவது இது: பெயரை நம்பி வாங்காதீர்கள். உறையில் அச்சிட்டிருக்கும் எடையையும் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். 100 கிராமில் 400 மீட்டர் இருப்பதும், 240 மீட்டர் இருப்பதும் ஒரே நூலாகா. சட்டையைத் தொடங்குமுன் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவில் கண்ணிகளை எண்ணுங்கள். ஒரு மாலைப்பொழுது செலவாகும். ஒன்றரைத் திங்கள் மிஞ்சும்.

கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்த வீட்டம்மாள், "அப்படியானால் நான் பின்னியது சரிதானே?" என்றார். சரிதான் என்றோம். மைத்துனர் கீழே வந்தபோது சட்டையைக் கொண்டுவரச் செய்து, பிரித்து, நூலை நனைத்துத் தொங்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, மேலும் ஓர் உருண்டை மட்டும் வாங்கி, மீண்டும் பின்னத் தொடங்கினார்.

தை பிறந்த மறுவாரம் மறுபடியும் மலையேறினோம். பொத்தான்கள் யாவும் பொருந்தின. குழந்தை அச்சட்டையுடனேயே உறங்கிவிட்டது.