வேற்று மொழியில் பிழைத்துப் பார்க்க ஓராண்டு

ஒரு மொழியைப் படிப்பது வேறு. அந்த மொழியில் வீடு பிடித்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, சம்பளம் வாங்கி, பல்வலி வந்தால் மருத்துவரிடம் போய் எந்தப் பல் என்று சொல்லத் தெரிவது வேறு. பிரெஞ்சு படிக்கும் பிரிட்டிஷ் மாணவர்களை அவர்களுடைய பல்கலைக்கழகங்கள் ஓராண்டு வெளியே அனுப்பி வைப்பதன் நோக்கம் இந்த இரண்டாவதுதான். நான்கு ஆண்டுப் படிப்பில் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு அது. அந்த ஓராண்டுதான் அந்தப் படிப்பின் உயிர் என்பது என் கருத்து. அதற்கான கதவை அண்மை ஆண்டுகளில் பாதி சாத்தியது பெரும் பிழை என்பதும் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

போகிறவர்களில் சிலர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்வார்கள், சிலர் ஏதாவது நிறுவனத்தில் பயிற்சிக்குப் போவார்கள். பலர் பிரெஞ்சுப் பள்ளிகளில் ஆங்கில உதவியாசிரியர்களாகச் சேர்வார்கள். இந்த உதவியாசிரியர் ஏற்பாடு 1905-இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி இன்றும் நடக்கிறது. வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம். கைக்கு வருவது மாதம் ஏறத்தாழ 800 யூரோ. சிற்றூரில் அடக்க ஒடுக்கமாக இருந்தால் போதும். பாரிசு என்றால் ஒரு சிற்றறை வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் அம்மையார் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்தபோது ஓராண்டு பாரிசில் இருந்தவர்தான். அவருக்கு வெகுகாலம் முன்பே, 1913-இல், பின்னாளில் போர்க்கவிஞராகப் பெயர் பெற்ற வில்பிரட் ஓவன் போர்தோ நகருக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஆகவே இது பழைய பாதை.

என் தங்கை மகள் நாந்த் நகருக்குப் பக்கத்தில் ஒரு கொலேஜில் ஆசிரியை. அவள் பள்ளிக்கு அநேகமாக ஆண்டுதோறும் ஒரு பிரிட்டிஷ் பிள்ளை வந்து சேரும். வந்த முதல் மாதம் அவர்களுக்கு வகுப்பை விடக் காகிதத்தோடுதான் போராட்டம் என்பாள். முப்பத்தைந்து ஆண்டு கோப்புக் கட்டிய எனக்கு அதில் தனி அக்கறை.

வீட்டுக்காரர், வாடகை கட்ட வங்கிக் கணக்கு எங்கே என்பார். வங்கியில், கணக்குத் தொடங்க முகவரிச் சான்று எங்கே என்பார்கள். முகவரிச் சான்றென்றால் மின்கட்டண ரசீது. வீடே கிடைக்காதவனுக்கு மின்கட்டணம் எங்கிருந்து வரும்? பிறகு ஜாமீன்தாரர் வேண்டும், அவரும் பிரான்சில் சம்பளம் வாங்குபவராக இருந்தால் நல்லது. வாடகை உதவித்தொகைக்கு மனுப் போட்டால் பிறப்புச் சான்று கேட்பார்கள். பிரிட்டனில் பிறப்புச் சான்று இரண்டு வகை. சுருக்கச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்காது. பிரெஞ்சுக்காரருக்கோ தாய் தந்தை பெயர் இல்லாத சான்று சான்றே அல்ல. ஆக, முழுச் சான்றுக்கு ஊருக்கு எழுதி, வந்ததை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பணம் கட்டி, பிறகு நகல் எடுத்து அனுப்ப வேண்டும். எத்தா சிவில் பதிவுக்காக நடையாய் நடந்த நம்மூர்க் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் சமூகக் காப்பீட்டு எண். 15 இலக்கம். ஆணென்றால் 1, பெண்ணென்றால் 2 என்று தொடங்கும். அடுத்து பிறந்த ஆண்டு, மாதம், பிறந்த மாவட்டம். வெளிநாட்டில் பிறந்தவருக்கு மாவட்டத்துக்குப் பதில் 99. ஓர் ஆளின் பாதிச் சாதகத்தை ஒரே வரியில் எழுதிவைத்த அந்த எழுத்தர் யாரோ, அவருக்கு என் வணக்கம். ஆனால் அடையாள அட்டை என்ற ஒன்றே இல்லாத நாட்டிலிருந்து வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு இது பெரிய மலைப்பு. அரசாங்கத்துக்குத் தன்னை எழுத்தில் நிரூபிக்க வேண்டிய நிலை அதற்கு வாழ்வில் முதல்முறை.

இதைத் துன்பம் என்று சொல்லிப் பரிதாபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலில் வரும் சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டால் கதை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். மனுவில் வரும் சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டால் பணம் வராது. வயிறு கற்றுக்கொடுக்கும் இலக்கணம் மறப்பதில்லை.

காகிதத்துக்கு அடுத்தது மரியாதை. பிரெஞ்சுக்காரர்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லும் பிரிட்டிஷ்காரர்கள் ஏராளம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லாமல், நேரே "மன்னிக்கவும், இது எங்கே கிடைக்கும்?" என்று தொடங்கியவர்களாக இருப்பார்கள். அவர்கள் ஊரில் "மன்னிக்கவும்" என்பதே பெரிய பணிவு. பிரான்சிலோ முகமன் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது, ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ரொட்டிக் கடைக்காரம்மா முதல் அஞ்சலக எழுத்தர் வரை எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

அப்புறம் "து", "வு" சங்கடம். நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். அதனால் ஆசிரியர் அறையில் அந்தப் பிள்ளை திண்டாடும். தனக்குத் தாய் வயதுள்ள ஆசிரியை "து" போட்டுப் பேசு என்கிறாள், தலைமையாசிரியருக்கோ அவளே "வு" போடுகிறாள். மாணவன் "து" என்று கூப்பிட்டால் கோபிக்க வேண்டுமா, சிரிக்க வேண்டுமா? இதற்குப் புத்தகத்தில் விதி கிடையாது. பக்கத்தில் நின்று, பார்த்து, காது கொடுத்துத்தான் பழக வேண்டும்.

எண்ணும் அப்படியே. பிரெஞ்சில் எழுபது என்றால் அறுபதும் பத்தும். தொண்ணூற்றொன்பது என்றால் நான்கு இருபது, பத்து, ஒன்பது. தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். "அறுபது" என்று காதில் விழுந்ததும் மாணவன் 6 என்று எழுதிவிடுவான். அடுத்த நொடியே "பன்னிரண்டு" என்று வரும். அப்போதுதான் அது 72 என்று புரிந்து 6-ஐ அடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த எண் போய்விடும். நாங்கள் இதைப் பிரம்படி வாங்கிக் கற்றோம். அவர்கள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்கக் கற்கிறார்கள்.

வகுப்பறையில் கிடைப்பது இன்னொரு வகைப் பாடம். பிரெஞ்சு கற்க வந்த பிள்ளை அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதின்மூன்று வயதுச் சிறுவன் எழுந்து, "இந்த இடத்தில் ஏன் அந்தச் சொல் வரக்கூடாது?" என்று கேட்பான். பதில் தெரியாது. சரியா தப்பா என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. நம்மில் எத்தனை பேரால் "மரத்தில்" என்பதற்கும் "மரத்திலே" என்பதற்கும் உள்ள நுட்பத்தை ஒரு வெளிநாட்டுக்காரருக்கு விளக்க முடியும்? தன் மொழியை அந்நியர் கண்ணால் பார்ப்பது தன் வீட்டை எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்ப்பது போல. ஒழுகும் ஓடு எது என்று அப்போதுதான் தெரியும்.

தனிமையையும் சொல்ல வேண்டும். எந்தப் பகுதி வேண்டும் என்று விருப்பம் கேட்பார்கள். ஆனால் கடைசியில் கிடைப்பது ஏதாவது ஒரு சிற்றூராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை ஊரே சாப்பாட்டில் இருக்கும். பன்னிரண்டு மணி நேர வேலை போக வாரத்தில் மிச்சம் கிடக்கும் பொழுது சிறிதல்ல. நவம்பர் மாத மழையில் அந்த அறையில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நினைக்காதவர்கள் குறைவு. தங்கை மகள் சொல்வாள்: டிசம்பருக்குள் போகாதவன் ஏப்ரலில் போக மனமில்லாமல் அழுவான் என்று.

இதற்கு இரண்டு மறுப்புகள் கேட்டிருக்கிறேன். ஒன்று, பன்னிரண்டு மணி நேர வேலையும், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வார விடுமுறையும் சேர்ந்தால் அது உல்லாசப் பயணம்தானே என்பது. சிலருக்கு அப்படி ஆவது உண்மைதான். தங்கள் நாட்டுப் பிள்ளைகளோடே சேர்ந்து சுற்றி, ஆங்கிலத்திலேயே பேசி, ஏழு மாதம் கழித்து அதே பிரெஞ்சோடு திரும்புகிறவர்கள் உண்டு. நூலகத்தில் தூங்குகிறவனுக்காக நூலகத்தை மூடிவிட முடியுமா?

இன்னொன்று, இப்போது கைபேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்பது. கைபேசி வாக்கியத்தை மொழிபெயர்க்கும். எதிரே இருப்பவர் ஏன் முகம் சுளித்தார் என்று சொல்லாது. சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் ஒரே நேரத்தில் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிக்க அது உதவாது. ஒருவன் சிரித்து முடித்த பிறகு நாம் சிரித்தால் அந்த மேசைக்கு நாம் இன்னும் விருந்தாளிதான்.

இனி கதவைப் பற்றி. 2020 டிசம்பர் 31 வரை ஒரு பிரிட்டிஷ் மாணவன் கையில் பாசுபோர்ட்டோடு ரயிலேறினால் போதும், பிரான்சில் படிக்கலாம், வேலை செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின் 2021 முதல், 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க விசா வேண்டும். கட்டணம் 99 யூரோ. விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும், போய்ச் சேர்ந்தபின் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்து மறுபடி பணம் கட்ட வேண்டும். பாட்டன் பாட்டி யாராவது அயர்லாந்தில் பிறந்திருந்தால் அந்நாட்டுப் பாசுபோர்ட் வாங்கித் தப்பிக்கிறார்கள். 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் உதவித்தொகையையும் பிரிட்டன் விட்டுவிட்டது. பதிலாக டூரிங் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அது வெளியே போகிறவர்களுக்கு மட்டும்தான், உள்ளே வருகிறவர்களுக்கு இல்லை. கோடை விடுமுறையில் கூடார முகாம்களிலும், செப்டம்பரில் திராட்சை பறிப்பிலும் முன்னறிவிப்பின்றிப் போய்ச் சேர்ந்து நாலு காசு பார்த்த பிள்ளைகளுக்கும் அந்த வழி அடைபட்டது.

இதில் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளை எப்படியும் போகும். அப்பா விசாக் கட்டணம் கட்டுவார், முன்பணம் கொடுப்பார், முதல் சம்பளம் வரும்வரை தாங்குவார். நின்றுபோவது பேருந்து ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை, கடைச் சிப்பந்தி வீட்டுப் பிள்ளை. ஏற்கெனவே இங்கிலாந்தில் 2004 முதல் பதினான்கு வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சு வகுப்புகள் மெலிந்தன. இந்த நிலையில் பயணத்தையும் செலவாளிக்குரியதாக்கினால், அயல்மொழி மறுபடி பணக்காரர் வீட்டு அலங்காரமாகிவிடும். 2025-இல் இரு தரப்பும் எராஸ்மஸில் பிரிட்டன் மீண்டும் சேர்வது பற்றிப் பேசி இசைந்திருப்பது நல்ல செய்தி. அதோடு விசாவையும் எளிதாக்கினால்தான் முழுப் பயன். நாடுகள் கோபித்துக்கொள்ளலாம், சேரலாம். அதற்கு நடுவில் இருபது வயதைக் கடந்துபோன பிள்ளைக்கு அந்த வயது திரும்ப வராது.

கடைசியாக நம் வீட்டு விஷயம். பிரான்சில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. பேரனோ பேத்தியோ அங்கே படிக்கப் போனால் உடனே தொலைபேசியில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிடுகிறோம். மாமா வந்து அழைத்துப் போவார், அத்தை வீட்டில் சாப்பாடு, சித்தப்பா கூடவே வந்து படிவம் நிரப்புவார். அன்பு புரிகிறது. ஆனால் இப்படிப் போகிற பிள்ளை பிரான்சில் இருந்துகொண்டே புதுச்சேரியில் வாழ்கிறது. அவசரத்துக்கு மாமா இருக்கட்டும், படிவத்தை மட்டும் பிள்ளையே நிரப்பட்டும். தப்பாக நிரப்பினால் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதானே. இரண்டாம் முறை "போன்ழூர்" சொல்லிவிட்டு அதே சாளரத்தில் நிற்கட்டும்.