வேலை ஒருவருக்கு, மாற்றம் வீட்டுக்கு

ஒருவருக்குப் புதிதாக வேலை கிடைத்துவிட்டது என்றால் உறவினர்கள் முதலில் கேட்பது, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். "எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது இப்போது என் கருத்து.

எஸ்.பி.எம். தேர்வு முடித்த என் அக்கா, சென்ற ஆண்டு பினாங்கு, பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். எங்கள் வீடு சுங்கை பட்டாணியில் இருக்கிறது. அவருக்கு இரவு ஷிப்டு. மாலை 7 மணிக்குத் தொடங்கி, இடையில் ஓய்வு நேரம் போக, மறுநாள் காலை 7 மணிக்கு முடியும். ஒரு வாரம் நான்கு நாள் வேலை, மறுவாரம் மூன்று நாள். வாரத்தில் பாதி நாள் விடுமுறையா என்று எனக்குப் பொறாமைகூட வந்தது.

தொழிற்சாலைப் பேருந்து மாலை 5.15-க்கே வந்துவிடும். வழியெங்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, நெரிசலைக் கடந்து, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அக்கா வீடு திரும்பும்போது காலை 8.45 ஆகிவிடும். ஆக, பதினைந்தரை மணி நேரம் அவர் வீட்டில் இல்லை. மிச்சமுள்ள எட்டரை மணி நேரத்தில் குளித்து, சாப்பிட்டு, துணி துவைத்து, தூங்கவும் வேண்டும். நம் நாட்டு வேலைச் சட்டத்தில் வார வேலை நேரம் 2023ஆம் ஆண்டு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால், பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் அக்காவின் முகம் வாடியது. 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கென 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் பிடித்திருந்தார்கள். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 221 ரிங்கிட் போடுகிறார் என்று அப்பா விளக்கிய பிறகே சமாதானமானார். பணக் கணக்கை விளக்க வீட்டில் ஆள் இருந்தது. நேரக் கணக்கை விளக்கத்தான் எவரும் இல்லை.

அக்கா பகலில் தூங்கினார். நாங்களோ வழக்கம்போல் இருந்தோம். குக்கர் விசில், தம்பி சுவரில் அடிக்கும் பந்து, பாட்டியின் தொலைக்காட்சித் தொடர் எதுவும் குறையவில்லை. "வயதுப் பிள்ளை இப்படிப் பகலில் தூங்கலாமா?" என்று பாட்டி முணுமுணுத்தார். நானும் அதைச் சோம்பல் என்றே நினைத்தேன். இரவில் அவருக்கென்று மூடி வைத்த சோற்றை மறுநாள் காலையில் அவர் தனியாகச் சாப்பிட்டார். ஒருநாள் நண்பகலில் அறையிலிருந்து வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதார். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

வேலைக்குப் போகிறவர்தானே பழகிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் ஏன் மாற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் பெரியப்பா அப்படித்தான் கேட்டார். தோட்டத்தில் அவர் சிறுவனாக இருந்தபோது, பால்மரம் சீவும் பெற்றோர் பெரட்டுக்குப் போவதற்காக வீடே இருட்டில் எழுந்ததை அவர் மறந்துவிட்டார் போலும்.

இப்போது அக்கா வேலைக்குப் போகும் நாள்களில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு மாலை 4.30-க்கு. பசிக்காவிட்டாலும் எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம். அவர் காலையில் வந்து சேர்வதற்குள் அம்மா சமையலை முடித்துவிடுகிறார். பாட்டி தொடரைச் சத்தமின்றிப் பார்க்கிறார். வசனம் கேட்காமலேயே வில்லி யார் என்று சொல்லிவிடுகிறார்!

பள்ளிப் படிப்பு முடிந்து நாமும் வேலை தேடுவோம். ஷிப்டு எப்போது மாறும், பேருந்து எங்கே நிற்கும் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடத் தயங்கக் கூடாது. அது சோம்பேறியின் கேள்வி அன்று. கிடைத்த பதிலை வீட்டாரிடமும் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் அக்கா பகல் ஷிப்டுக்கு மாறுகிறார். குக்கர் விசில் மீண்டும் கேட்கும். ஆனால், விடியற்காலை 4.30-க்கு எழுந்து அவருடன் பேருந்து நிற்கும் இடம்வரை நடப்பது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. தம்பி என்னைப் பார்க்கிறான்.